ஒரு விமானம், இரண்டு கட்டில்

ஷார்ஜாவில், ரோலா பகுதியில் நாங்கள் இருந்த அறையில் மேசை கிடையாது. எல்லாவற்றுக்கும் அதுதான் மூலகாரணம். மேசை ஒன்று இருந்திருந்தால் ஜாய்ஸ்டிக்கை வலப்பக்கமும் திராட்டிலை இடப்பக்கமும் வைத்துக்கொண்டு, யார் தயவும் இல்லாமல் நான் ஒருவனே விமானம் ஓட்டியிருப்பேன். எனக்கு அந்த மாதிரிக் குணம்தான். எலி வளையானாலும் தனி வளை வேண்டும் என்று நினைக்கிற ஆள், வளைகுடாவுக்கு வந்து இன்னும் இரண்டு பேரோடு ஒரே அறையில் கிடந்தேன் என்றால் விதியை என்னவென்று சொல்வது.

அப்போது ஒரு கம்ப்யூட்டர் கடையில் பழுது பார்க்கும் வேலை எனக்கு. ஊரைக் காலி செய்துகொண்டு போகிற ஒரு வெள்ளைக்கார என்ஜினியர் தன் பழைய கம்ப்யூட்டரை விற்க வந்தார். கூடவே ஒரு பெரிய அட்டைப்பெட்டியையும் வைத்துவிட்டுப் போனார். முதலாளி அதைத் திறந்து பார்த்துவிட்டு, “என்ன இது, மாவாட்டுற குழவியா?” என்று கேட்டார். போர் விமானம் ஓட்டுகிற கம்ப்யூட்டர் விளையாட்டுக்கான கருவிகள் அவை. ஒன்று ஜாய்ஸ்டிக், வலக்கையில் பிடிக்கிற குச்சி. இழுத்தால் விமானத்தின் மூக்கு மேலே எழும், தள்ளினால் கீழே இறங்கும், சாய்த்தால் சாயும். இன்னொன்று திராட்டில், இடக்கையில் பிடிக்கிற நெம்புகோல். முன்னால் தள்ளினால் வேகம், பின்னால் இழுத்தால் நிதானம். இரண்டிலும் விரல் படுகிற இடமெல்லாம் பட்டன்கள். சுடுவதற்கு ஒன்று, சக்கரத்தை மடக்க ஒன்று, பக்கவாட்டில் பார்க்க ஒன்று. போர் விமானி குச்சியை விட்டுக் கையை எடுக்கவே கூடாது என்பது கணக்கு. “இதை இங்க எவன் வாங்குவான், நீயே கொண்டு போ,” என்றார் முதலாளி. சந்தோஷத்தில் பஸ்ஸுக்குக்கூடக் காத்திராமல் அறைக்கு நடந்தே போனேன்.

அறையில் இரண்டு இரும்புக் கட்டில்கள், ஒவ்வொன்றும் இரண்டடுக்கு. நடுவில் ஓர் ஆள் திரும்பினால் இடிக்கிற சந்து. ஒரு மேலடுக்கில் மளிகைக் கடையில் வேலை பார்க்கும் காக்கா. கடற்கரை ஊர் முஸ்லிம்கள் நாங்கள் அண்ணனைக் காக்கா என்றுதான் கூப்பிடுவோம். இன்னொரு மேலடுக்கில் எல்லாருடைய பெட்டிகளும். கீழே இடப்பக்கம் நான். வலப்பக்கம் சிவகங்கைப் பக்கத்திலிருந்து வந்த ஒருவன், ஷார்ஜா தொழில்பேட்டையில் இரும்புத் தகடு வெட்டும் பட்டறையில் மெஷின் ஆபரேட்டர். அந்தப் பட்டறைக்கு ஆட்கள் தங்குகிற கேம்ப் கிடையாது, அதனால் எங்களோடு தங்கியிருந்தான். அவன் என்னை பாய் என்பான், நான் அவனை மாப்ள என்பேன். கருவிகள் வரும்வரை எங்கள் பேச்சு அவ்வளவுதான். அறை என்பது டூட்டி முடிந்து வந்து சாய்கிற இடம்.

கம்ப்யூட்டர் திரையைச் சந்தின் கடைசியில், சுவரோரம் ஒரு டிரங்குப் பெட்டி மேல் வைத்தேன். பிறகுதான் சங்கடம் தொடங்கியது. ஜாய்ஸ்டிக்கை மடியில் வைத்தால் இழுக்கும்போது அடிப்பாகமும் சேர்ந்து வயிற்றுக்கு வருகிறது. மெத்தையில் வைத்தால் அமுங்குகிறது. கடைசியில் இரண்டு ஒட்டுப்பலகைத் துண்டுகளை வெட்டி, கருவிகளை அவற்றின் மேல் திருகி முடுக்கினேன். ஒரே கட்டிலில் இரண்டு பலகைக்கும் இடமில்லை. குச்சி வலப்பக்கக் கட்டிலுக்குப் போயிற்று, திராட்டில் என் கட்டிலில் இருந்தது. நடுவில் சந்து. எட்டிப் பிடிக்க நான் என்ன சிலந்தியா?

“குச்சியை நான் புடிச்சுக்கிர்றேன் பாய்,” என்றான் அவன். “நீ வேகத்தைப் பாத்துக்க.”

அப்படித்தான் ஒரு விமானத்தை இரண்டு பேர் ஓட்ட ஆரம்பித்தோம். அவனவன் கட்டிலில் உட்கார்ந்து, கழுத்தைத் திரைப்பக்கம் திருப்பிக்கொண்டு. உலகத்தில் வேறு யாரும் அப்படி ஓட்டியிருக்க மாட்டார்கள். அவன் மூக்கைத் தூக்குவது எனக்கு முன்கூட்டித் தெரியாது, நான் வேகத்தைக் குறைப்பது அவனுக்குத் தெரியாது. மேலே ஏறும்போது வேகம் கொடுக்காவிட்டால் விமானம் சோர்ந்து விழுந்துவிடும். விழுந்தது, பலமுறை. பிறகு கத்திச் சொல்லப் பழகினோம். “குடு பாய், குடு குடு!” என்றால் முழு வேகம். “கலாஸ்” என்றால் அடியோடு குறைக்க வேண்டும். “யெல்லா” என்று அவன் சொன்னால் எதிரி விமானத்தைப் பார்த்துவிட்டான் என்று அர்த்தம்.

“ஒத்த பிளேனை ரெண்டு பேரு சேந்து கொல்றீங்களேடா,” என்று காக்கா மேலிருந்து குரல் கொடுப்பார். ஆனாலும் வெள்ளிக்கிழமை ஜும்மா முடிந்து, சாப்பிட்டு, நாங்கள் உட்காரும்போது அவரும் தலையைத் தொங்கப்போட்டுப் பார்த்துக்கொண்டுதான் இருப்பார்.

எனக்கு அந்த நாள்கள் மிகவும் பிடித்திருந்தன. அதை அப்போது அவனிடம் சொல்லவில்லை. ஆண்கள் நாங்கள் அதையெல்லாம் சொல்வோமா. கடையில் வேலை செய்துகொண்டே, சாயங்காலம் அவன் எப்போது வருவான் என்று கணக்குப் போடத் தொடங்கியிருந்தேன். அவன் குச்சியைப் பிடிப்பதில் ஒரு நிதானம் இருந்தது. நான் பதறினால் திட்டமாட்டான். “விழுந்தா என்ன பாய், மறுபடி ஏறுவோம்,” என்பான். சட்டென்று கோபம் வருகிற எனக்கு அப்படி ஒருவன் பக்கத்தில் இருந்தது நிழலாக இருந்தது.

பிறகு ஒரு நாள் பட்டறையில் தகடு வெட்டும் மெஷினில் அவன் வலக்கை மாட்டிக்கொண்டது. ஆள்காட்டி விரலும் நடுவிரலும் போயின. கட்டைவிரலும் கடைசி இரண்டும் தப்பின. ஆஸ்பத்திரியில் நான் போய் நின்றபோது அவன் என்னைப் பார்த்துக் கேட்ட முதல் கேள்வி, “ஊருக்கு யாரும் போன் பண்ணிட்டீங்களா?” என்பதுதான். இல்லை என்றேன். “பண்ணாதீங்க,” என்று கண்ணை மூடிக்கொண்டான். பிறகு வீட்டிலிருந்து போன் வந்தபோதும் கையில் சின்னக் காயம் என்று மட்டும் சொன்னான்.

தையல் பிரித்த பிறகு ஃபோர்மேன் அவனைக் கூப்பிட்டுப் பேசினார். இனி தகடு வெட்டும் மெஷின் வேண்டாம். பட்டறைக் கூரைக்கடியில் ஓடுகிற கிரேனில் ஆள் தேவை. அந்த கிரேனை இயக்க, மேலிருந்து ஒரு பட்டன் பெட்டி வயரில் தொங்கும். அதை ஒரு கையில் பிடித்து விரலால் அழுத்தினால் கொக்கி ஏறும், இறங்கும், பக்கவாட்டில் போகும். மறுகையால் சரக்கில் கட்டிய கயிற்றைப் பிடித்து ஆடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். கயிற்றுக்கு இடக்கைதான் சரி, அதில்தான் வலு இருந்தது. ஆகவே பெட்டியை வலக்கையில்தான் பிடித்தாக வேண்டும். ஒரு மாதம் கழித்து ஓட்டச் சொல்லிப் பார்ப்பேன், கை கேட்டால் இரு, கேட்காவிட்டால் விசா கேன்சல் என்று சொல்லிவிட்டார் ஃபோர்மேன்.

“கேன்சல்னா போயிட வேண்டியதுதானே, ஊரு இருக்குல்ல?” என்று காக்கா ஆறுதலாகத்தான் சொன்னார்.

“இந்தக் கையோட போயி பஸ் ஸ்டாண்டுல எறங்க மாட்டேன் காக்கா,” என்றான் அவன். “ஒருத்தன் கை குடுப்பான், ஒருத்தன் என்னடா ஆச்சும்பான். எதுக்கும் ஒதவாத கையத் தூக்கிட்டு வந்துருக்கான்னு சொல்லாமச் சொல்லுவாய்ங்க. செத்தாலும் மாட்டேன்.”

அவன் இங்கே இருக்க விரும்பினான், அவன் இருக்க வேண்டும் என்று நானும் விரும்பினேன். ஒரு மாதம் இருந்தது.

ஆனால் அவன் அந்தக் கையைத் தொடக்கூட விடவில்லை. எந்நேரமும் ஒரு துண்டைச் சுற்றி மறைத்துக்கொண்டான். துணிப்பெட்டியைத் திறப்பது, பல் விளக்குவது எல்லாம் இடக்கையால். சாப்பாட்டுக்கு ஸ்பூன் வாங்கிக்கொண்டான். குச்சி அவன் கட்டிலில் தூசி படிந்து கிடந்தது. படுக்கும்போது பலகையோடு தூக்கிக் கீழே வைப்பான், காலையில் மறுபடி மேலே வைப்பான், பிடிக்க மட்டும் மாட்டான்.

அந்தக் கைக்குப் பயிற்சி வேண்டும், அது குச்சியில்தான் முடியும் என்று எனக்குத் தோன்றியது. அன்றே உட்கார்ந்தேன். விளையாட்டின் அமைப்புகளுக்குள் போனால் எந்தப் பட்டன் என்ன செய்ய வேண்டும் என்று நாமே மாற்றிக்கொள்ளலாம். சுடுகிற விசை குச்சியில் ஆள்காட்டி விரலுக்கு நேராக இருந்தது. அந்த விரல் இல்லை. ஆகவே அதை திராட்டிலுக்கு மாற்றினேன். ஏவுகணை, சக்கரம், பக்கப் பார்வை எல்லாவற்றையும் திராட்டிலுக்கே கொண்டுவந்தேன். குச்சியில் ஒரு பட்டன்கூட மிச்சமில்லை. பிடித்துச் சாய்த்தால் போதும். என் புத்திசாலித்தனத்தை நானே மெச்சிக்கொண்டு அவனை உட்காரச் சொன்னேன்.

வற்புறுத்தலுக்காக உட்கார்ந்தான். துண்டோடு சேர்த்தே குச்சியைப் பிடித்தான். விமானம் மேலே ஏறியது. எதிரி விமானம் முன்னால் வந்தது. நான் சுட்டேன், அது வெடித்தது. நான் சக்கரத்தை மடக்கினேன், நான் திரும்பிப் பார்த்தேன், நான் ஏவுகணை விட்டேன். “பாத்தியா மாப்ள!” என்று கத்தினேன்.

அவன் குச்சியை விட்டுவிட்டு எழுந்தான்.

“எல்லாத்தையும் நீயே பண்ணிக்கிட்டா நான் எதுக்கு பாய்? லாரியில கிளீனரா?” என்றான். “கையில்லாதவனுக்குச் சோறு ஊட்டுற மாதிரி இருக்கு. எனக்கு வேணாம்.”

திரையில் விமானம் மணலில் போய் விழுந்தது. எனக்கும் கோபம் வந்தது. இவனுக்காக மெனக்கெட்டால் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்கிறானே என்று. மேலடுக்கிலிருந்து காக்கா சிரித்தார். “அவன் கைக்கு வேலை குடுன்னா, உன் கைக்குல்ல குடுத்திருக்கே. புள்ளையார் புடிக்கக் கொரங்கா முடிஞ்ச கதையாப் போச்சு.” கேட்க எரிச்சலாக இருந்தது. ஆனால் அவர் சொன்னது உண்மை. மேசையில் ஒருவன் தனியாக ஓட்டினால் எந்தப் பட்டனை எந்தப் பக்கம் மாற்றினாலும் அது அவனுடைய இன்னொரு கைதான். எங்கள் விமானத்தில் இன்னொரு கை இன்னொரு ஆளுடையது. அதை மறந்துபோனேன்.

அடுத்த வெள்ளிக்கிழமை அவன் முன்னால் ஸ்க்ரூ டிரைவரோடு போய் உட்கார்ந்தேன். “கையக் காட்டு,” என்றேன்.

“எதுக்கு?”

“உன் கட்டைவிரல் எங்க போய் விழுதுன்னு பாக்கணும். பாக்காம எப்படி மாத்துறது?”

யோசித்தான். பிறகு துண்டை அவிழ்த்தான். வெளிச்சத்தில் அந்தக் கையை நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. முகத்தைத் திருப்பினால் எல்லாம் முடிந்துவிடும் என்று தெரிந்தது, அதனால் திருப்பவில்லை. அவன் கையை எடுத்துக் குச்சியின் மேல் வைத்தேன். கட்டைவிரல் உச்சியில் இருந்த உருண்டைப் பட்டனுக்கு எட்டவில்லை.

“ஏன்டா, கட்டைவிரல் இவ்வளவு குட்டையா இருக்கு?”

“அது மட்டுமாவது முழுசா இருக்கேன்னு சந்தோசப்படு பாய்,” என்றான். சிரித்தான். விபத்துக்குப் பிறகு அவன் சிரித்து அன்றுதான் பார்த்தேன்.

கைப்பிடியின் மேல் காட்டன் பட்டியைச் சுற்றித் தடிமனாக்கினோம், கை சற்று மேலே ஏறி உட்கார்ந்தது. இப்போது கட்டைவிரல் உருண்டைப் பட்டனைத் தொட்டது. சுடுகிற விசையை அதற்குக் கொடுத்தோம். சுண்டுவிரலுக்கு நேராகக் குச்சியின் அடியில் ஒரு சின்ன நெம்புகோல் இருந்தது. அதை அழுத்திக்கொண்டு உருண்டையைத் தட்டினால் ஏவுகணை. குச்சியைத் தானாக நடுவுக்குக் கொண்டுவருகிற ஸ்பிரிங் அவன் பிடிக்கு விறைப்பாக இருந்தது. அதைக் கழற்றி, கடையில் கிடந்த ஒரு பழைய பிரிண்டரின் மெல்லிய ஸ்பிரிங்கை மாட்டினேன். அவன் கை நடுங்கியது. நடுங்கினாலும் விமானம் நடுங்காமல் இருக்க, குச்சி நடுவில் ஒரு சிறு வட்டத்துக்குள் அசைந்தால் விமானம் அதைக் கண்டுகொள்ளாத மாதிரி அமைப்புகளில் வைத்தேன். திராட்டிலில் எனக்கு மிச்சமானது வேகமும் சக்கரமும் பக்கப் பார்வையும் மட்டும். அதுதான் நியாயம்.

முதலில் தடுமாறினான். குச்சி மூன்று விரலிலிருந்து நழுவும். கட்டைவிரல் ஒரு தட்டுக்கு இரண்டு தட்டுத் தட்டிவிடும். டூட்டி இல்லாததால் பகலெல்லாம் திராட்டிலை ஒரே வேகத்தில் தள்ளி வைத்துவிட்டுத் தனியாக உட்கார்ந்து பழகுவான், சாயங்காலம் நான் வந்ததும் இருவரும் சேர்ந்து கொஞ்ச நேரம். பிறகு சமையல். கிரேனின் பட்டன்களில் ஒரு நுணுக்கம் உண்டு, பாதி அழுத்தினால் மெதுவாகப் போகும், முழுதும் அழுத்தினால் வேகமாகப் போகும் என்று அவன் சொன்னான். அதற்காகக் கட்டைவிரலை மெல்ல மெல்ல அழுத்திப் பழகினான். நடுங்கும் கைக்காக வைத்த அந்த அசையாத வட்டத்தை நான் அவனுக்குச் சொல்லாமல் கொஞ்சம் கொஞ்சமாகச் சுருக்கிக்கொண்டே வந்தேன். “நேத்து மாதிரி இல்லையே பாய், துள்ளுது,” என்பான். “உன் மனப்பிராந்தி,” என்பேன். கடைசியில் வட்டமே இல்லாமல் ஓட்டினான். அன்று உண்மையைச் சொன்னபோது தலையணையால் என்னை அடித்தான், வலக்கையால்.

அவன் துண்டை எப்போது விட்டான் என்று எனக்கு நினைவில்லை. ஒரு நாள் கொடியில் காய்ந்துகொண்டிருந்தது.

மாதம் முடிந்தது. சனிக்கிழமை காலை கிரேன் சோதனை. என்னால் கடையில் வேலை பார்க்க முடியவில்லை. ஒரு கம்ப்யூட்டரைத் திறந்து திருகுகளைத் தொலைத்து, முதலாளியிடம் வாங்கிக் கட்டிக்கொண்டேன். மதியத்துக்கு மேல் அவன் போன் வந்தது. ஒரு கட்டுத் தகட்டைத் தூக்கி, பட்டறையின் அந்தக் கோடியில் நின்ற லாரியில் இறக்கச் சொன்னாராம் ஃபோர்மேன். ஆடாமல் கொண்டுபோய் வைத்தானாம். “பஹுத் அச்சான்னு சொல்லிட்டாரு பாய். திங்கக்கெழமைலேர்ந்து டூட்டி.” நான் கடை என்றும் பார்க்காமல் கத்திவிட்டேன். அன்று காக்கா நெய்ச்சோறு ஆக்கினார். நான் போகிற வழியில் இனிப்பு வாங்கிப் போனேன். மூன்று பேரும் பாய் விரித்து உட்கார்ந்து சாப்பிட்டோம். அவ்வளவு நிம்மதியாக நான் சாப்பிட்டு வெகுநாள் ஆகியிருந்தது. அவன் இருக்கப்போகிறான், எனக்கு அது போதும்.

இரண்டு வாரம் டூட்டிக்குப் போனான். ஒரு வெள்ளிக்கிழமை விமானத்தை மேலே ஏற்றி, சும்மா மேகங்களுக்கு மேல் ஓட்டிக்கொண்டிருந்தோம். திரையைப் பார்த்தபடியே சொன்னான்.

“பாய், நான் கேன்சல் குடுத்துட்டேன்.”

விளையாடுகிறான் என்று நினைத்தேன். “என்னத்தை?”

“விசாவ. ஊருக்குப் போறேன்.”

“பாஸ் ஆயிட்டியேடா! ஃபோர்மேனே வேலை குடுத்துட்டான், உனக்கென்ன பைத்தியமா?”

“பாஸ் ஆனதாலதான் பாய். அன்னைக்கே போயிருந்தா அவன் அனுப்பிச்ச மாதிரி ஆயிருக்கும். ஒண்ணுக்கும் ஆகாத கையோட போயி நின்னுருப்பேன். இப்ப கை வேலை செய்யுது. எவன் கேட்டாலும் சொல்லுவேன், ரெண்டு வெரல் போச்சு, ஆனாலும் கிரேன் ஓட்டுனேன், நானே வேணாம்னு வந்துட்டேன்னு.” குச்சியை லேசாகச் சாய்த்து விமானத்தை நேராக்கினான். “எனக்கு இங்க இருக்கணும்னு ஆசையில்ல பாய். போக பயம், அம்புட்டுதான்.”

நான் திராட்டிலை விட்டுவிட்டேன். கடுங்கோபம். “அப்ப நான் ராப்பகலா உக்காந்து இதையெல்லாம் பண்ணது, உன்னை பிளேன் ஏத்தி விடத்தானா?” என்று கேட்டுவிட்டேன். கேட்ட பிறகுதான் அது எவ்வளவு கேவலமான கேள்வி என்று உறைத்தது. அவன் கோபப்படவில்லை. “ஆமா பாய்,” என்றான். “நல்லாத்தான் பண்ணியிருக்க.”

இரண்டு நாள் அவனோடு பேசாமல் இருந்தேன். மூன்றாம் நாள் அவன் பெட்டியைக் கட்ட நான்தான் கயிறு பிடித்தேன். விமான நிலையத்துக்குக் காக்காவும் வந்தார். நான் அழமாட்டேன் என்றுதான் இருந்தேன். அழுதேன்.

ஊருக்குப் போன ஒரு மாதத்தில் போன் செய்தான். பஸ் ஸ்டாண்டில் இறங்கியதும் டீக்கடையில் நின்றிருந்த எல்லாருக்கும் தானே கையை நீட்டிக் கொடுத்தானாம். இரண்டு நாள் பேசினார்களாம், மூன்றாம் நாள் வேறு பேச்சு கிடைத்துவிட்டதாம். “இதுக்கா பாய் அப்படி பயந்தேன்,” என்று சிரித்தான். கரும்பு ஏற்றுகிற லாரிக்கு ஆள் கேட்டிருக்கிறார்களாம், போகலாமா என்று பார்க்கிறானாம்.

அவன் குரலுக்குப் பின்னால் பஸ் ஹாரனும் யாரோ யாரையோ கூப்பிடுகிற சத்தமும் கேட்டது. நான் ஊருக்குப் போய் வருஷக்கணக்காகியிருந்தது. தொழில் செய்கிறேன் என்று ஊர்க்காரர்களிடம் வாங்கிய காசையெல்லாம் போட்டுத் தொலைத்துவிட்டு வந்தவன் நான். இறங்கினால் முதலில் யார் கண்ணில் படுவேனோ என்று பயப்படுகிற ஒரு பஸ் ஸ்டாண்டு எனக்கும் இருந்தது. அதை அவனிடம் நான் சொன்னதில்லை.

“நீ எப்ப பாய் வர்ற?” என்று கேட்டான்.

“லீவு கிடைக்கலடா மாப்ள,” என்றேன்.

லீவு நான் கேட்டதே இல்லை.